வேலை ஒருவருக்குச் சரவணம்பட்டி, ஒருவருக்குத் திருப்பூர்: வீடு எங்கே பார்ப்பது?

அன்னூர்த் தம்பி (கேள்வி)

வணக்கங்க. கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தினமும் தூரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்க.

நான் சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். மனைவி திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர், துணி வாங்குகிற பையர்களிடம் பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற வேலை. பொண்ணு வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பு. இப்போது இருப்பது சத்தி ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி ஒரு இரண்டு பெட்ரூம் வீடு, வாடகை 16,000. ஒப்பந்தம் முடியப் போகிறது, இனிமேல் 20,000 கொடுங்கள், இல்லாவிட்டால் காலி பண்ணிக்கொள்ளுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டில் மூன்று பசங்க ஆளுக்கு 8,000 போட்டு 24,000 கொடுக்கிறார்கள், அதைக் காட்டித்தான் கேட்கிறார். மூன்று சம்பளம் சேர்ந்து கொடுக்கிற வாடகையோடு ஒரு குடும்பம் எப்படிங்க போட்டி போடுவது?

ஆனால் வாடகையை விட எனக்குப் பெரிய கவலை மனைவியின் அலைச்சல். காலையில் ஏழு மணிக்கெல்லாம் கிளம்பி, காளப்பட்டி வழியாக அவிநாசி ரோட்டுக்கு வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன், அங்கே இருந்து அவள் பஸ். அந்த நேரத்தில்தான் எல்லாக் காலேஜ் பஸ்ஸும் ரோட்டுக்கு வரும், ஒன்றின் பின்னால் ஒன்றாக, நடுவில் பைக் நுழையக்கூட இடம் இருக்காது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்பெனி விட்டாலும் வெளிநாட்டு பையரிடம் இருந்து மெயில் வந்துவிட்டால் ஏழு ஆகிவிடும், வீடு வந்து சேர ஒன்பது. ஷிப்மெண்ட் வாரத்தில் அம்மா வருவதற்குள் பொண்ணு தூங்கிவிடுகிறாள்.

கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் போகலாமா, அவிநாசி போகலாமா, இல்லை 20,000 கொடுத்து இங்கேயே இருந்துவிடலாமா என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அன்னூரில் அப்பா பேரில் எட்டு சென்ட் இடம் இருக்கிறது, லோன் போட்டு அங்கே கட்டிவிடு என்கிறார்கள் வீட்டில். கடனுக்கும் பயமாக இருக்கிறது, அவள் உடம்புக்கும் பயமாக இருக்கிறது.

சோமனூர் சீசன் டிக்கெட்

நான் திருப்பூரில் வேலை, குடியிருப்பது சோமனூர். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சோமனூரில் நீங்கள் சொல்கிற மாதிரி வீடு 9,000, 10,000க்குக் கிடைக்கும், கொஞ்சம் பழைய வீடாக இருந்தால் அதற்கும் கீழே. தறி ஊர், ராத்திரி பகல் என்று சத்தம் இருக்கும், பக்கத்தில் தறிக்குடோன் இல்லாத தெருவாகப் பாருங்கள். ரயிலில் வஞ்சிபாளையம், அடுத்தது திருப்பூர், அவ்வளவுதான் தூரம். சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் மாதச் செலவு பஸ்ஸில் ஆவதற்குப் பக்கத்திலேயே வராது. காலை வண்டியில் எல்லாம் தெரிந்த முகம்தான். ஒரு அக்கா தினமும் பூ கட்டிக்கொண்டே வருவார், திருப்பூர் வருவதற்குள் நான்கு முழம் முடிந்திருக்கும், இறங்குவதற்கு முன்பே அது விற்றும் போயிருக்கும்.

இடைஞ்சலும் இருக்கிறது. சோமனூரில் பாசஞ்சர் வண்டிதான் நிற்கும், எக்ஸ்பிரஸ் எல்லாம் பறந்துபோய்விடும். ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க முடியாது, மங்கலம் வழியாகப் பஸ்தான். ராத்திரி லேட்டானால் வீட்டில் இருந்து யாராவது வண்டியில் வந்து கூட்டிப்போக வேண்டும்.

முக்கியமான கேள்வி, உங்கள் வீட்டம்மா கம்பெனி திருப்பூரில் எந்தப் பக்கம்? திருப்பூரை ரயில் தண்டவாளம் ஒரு பக்கம் வெட்டுகிறது, நொய்யல் ஒரு பக்கம் வெட்டுகிறது. ஊருக்குள் எங்கே போனாலும் ஒரு பாலத்தைத் தாண்டியாக வேண்டும், அந்தப் பாலத்தில்தான் உயிர் போகும். ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரமென்றால் சோமனூரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். இல்லையென்றால் ரயிலில் மிச்சமான நேரம் ஊருக்குள் போய்விடும்.

இன்னொன்று, மனசில் பட்டதால் சொல்கிறேன். வீடு பார்க்கும்போது ஆண்கள் வாடகை, தண்ணீர், வண்டி நிறுத்த இடம் எல்லாம் பார்க்கிறார்கள். ராத்திரி எட்டரைக்கு ஒரு பெண் பஸ் ஸ்டாப்பில் இருந்து வீடு வரைக்கும் தனியாக நடந்து வர முடியுமா, தெருவிளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்குமா என்று பார்ப்பதில்லை. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த நேரத்தில்தான் வீடு திரும்புகிறார்கள். கம்பெனி வேன் இருப்பவர்கள் காங்கயம், தாராபுரம் பக்கத்து ஊர்களில் இருந்துகூட வந்து போகிறார்கள். வேன் இல்லாதவர்களுக்கு லைன் வீடுதான் கதி, ஒரே அறை, குளியலறை எல்லா வீட்டுக்கும் பொது, அதற்கும் வாடகை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. கையில் நாலு இடத்தைத் தேர்ந்தெடுக்கிற வசதி உங்களுக்கு இருக்கிறது. அதை முதலில் அவருக்காகப் பயன்படுத்துங்கள்.

கோபி to பெல்லந்தூர்

பெங்களூரில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு இப்போது கோபியில் இருந்தே வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் அவுட்டர் ரிங் ரோடு ஞாபகம்தான் வருகிறது. அளவுதான் சின்னது.

ஊர் ஊராகப் போக்குவரத்து நெரிசலை அளக்கிற டாம்டாம் கம்பெனியின் 2024 அறிக்கையில் பெங்களூர் நகரத்துக்குள் 10 கிலோமீட்டர் போக சராசரி 34 நிமிஷத்துக்கு மேல், உலகத்திலேயே மூன்றாவது இடம். இது சராசரிதான், மழை பெய்கிற சாயங்காலத்தில் சில்க் போர்டு பக்கம் நின்றவர்களுக்குத் தெரியும். இதற்குப் பயந்து எல்லோரும் ஆபீஸ் பக்கத்திலேயே வீடு தேடினார்கள், அதனால் அங்கே வாடகை ஏறியது. வாடகைக்குப் பயந்து தள்ளிப் போனவர்கள் கார் வாங்கினார்கள், அதனால் ரோடு இன்னும் அடைத்தது. பத்து மாத அட்வான்ஸ் என்பது அங்கே ரொம்ப நாள் வழக்கம். கொரோனா முடிந்து ஆபீசுக்கு வரச் சொன்ன பிறகு ஒரே வருஷத்தில் வாடகை எங்கேயோ போய்விட்டது. மெட்ரோ மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில்தான் பொம்மசந்திரா வரைக்கும் வந்தது, அதற்குள் ஒரு தலைமுறை ரோட்டிலேயே கழித்துவிட்டது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆம்னி பஸ் பிடித்து ஊருக்கு வந்து, ஞாயிறு ராத்திரி திரும்பி, திங்கள் காலை அந்தத் தூக்கத்தோடேயே ஆபீஸ் போவதை வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டு பசங்க இருக்கிறார்கள்.

அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். வாடகையைத் தனியாகப் பார்க்காதீர்கள். வாடகை, பெட்ரோல், பஸ், இரண்டாவது வண்டியின் தவணை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அந்தச் சம்பளம், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். அதற்குக் கீழே, தினமும் யார் எத்தனை மணி நேரம் ரோட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பணக் கணக்கில் நான்காயிரம் ஐந்தாயிரம் மிச்சமாகிற வீடு பல சமயம் இரண்டாவது கணக்கில் தோற்றுவிடும். இரண்டு பேரில் யாருடைய வேலை நேரம் அசைக்க முடியாததோ அவர் பக்கம் வீட்டை நகர்த்துங்கள். உங்களுக்கு வீட்டில் இருந்து வேலை பார்க்கிற நாள் எதுவும் உண்டா? மெர்ச்சண்டைசருக்கு அது கிடையாது, சாம்பிள் கையில் இருக்க வேண்டும், துணி கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

பீளமேட்டுப் பெரியவர்

தம்பி, நான் வீட்டுக்காரர் கட்சி. இரண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்துக் கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு 60 லட்சம் பெறுகிற ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு 18,000 வாடகை வந்தால் வருஷத்துக்கு 2,16,000. போட்ட பணத்தில் நான்கு சதவீதம்கூட இல்லை. அதனால்தான் பசங்க கூட்டாக வந்து அதிகம் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு ஆசை வருகிறது, சிலர் வீட்டையே ஹாஸ்டலாக மாற்றிவிடுகிறார்கள். அது சரி என்று சொல்ல வரவில்லை. குடும்பங்கள் காலியான தெருவில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்றே தெரிவதில்லை. என் வீடுகளைக் குடும்பத்துக்குத்தான் விடுகிறேன், குறைவாக வந்தாலும் பரவாயில்லை என்று.

அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். அதே வீட்டை வாங்குகிறேன் என்று 50 லட்சம் லோன் போட்டால், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம், மாதத் தவணை 43,000 தாண்டிவிடும். பத்திரச் செலவு வேறு, முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 60 லட்சத்துக்கு 5,40,000 கையில் இருந்து போகும். 20,000 வாடகை கசக்கிறது என்று 43,000 தவணையில் போய் விழ வேண்டாம். பிள்ளை படிப்பும் வேலையும் எங்கே நிலைக்கிறது என்று தெரிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அன்னூர் இடம் எங்கேயும் ஓடிப் போகாது. கட்டுவதாக இருந்தால் முதலில் அது டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகாரம் உள்ள மனையா என்று பார்த்துவிடுங்கள். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2016 அக்டோபர் 20ஐ எல்லைத் தேதியாக அரசு வைத்தது. காகிதம் சுத்தமாக இல்லாவிட்டால் பேங்க் லோனும் தராது.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாடகைதாரர் சட்டம் 2017இல் கொண்டுவந்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, இரண்டு பேரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டு எழுதினால் ஒழிய. அந்த ‘ஒழிய’வில்தான் எல்லா வீட்டுக்காரரும் நுழைகிறோம். புது வீட்டுக்குப் போகும்போது வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். அப்புறம் திடீரென்று நான்காயிரம் ஏற்றுகிற பேச்சு வராது.

ஊர் மாறுவதைப் பற்றி எனக்கு அவ்வளவாக உடன்பாடு இல்லை. கோயமுத்தூரில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கைக்கெட்டும் தூரம். அவிநாசி ரோட்டு மேம்பாலமும் வந்துவிட்டது, கொஞ்சம் பொறுத்தால் போக்குவரத்து சரியாகும்.

ரோடு வேலைக்காரன்

பெரியவர் மேம்பாலம் என்றதால் வருகிறேன். சாலை ஒப்பந்த வேலையில் இருப்பவன்.

உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டர், 2025 அக்டோபரில் திறந்தார்கள், ஜி.டி. நாயுடு பெயர் வைத்தார்கள். ஊருக்குள் இருந்து ஏர்போர்ட்டுக்கு, திருப்பூருக்குப் போகிறவர்களுக்குப் பெரிய உதவி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தம்பி இருப்பது சத்தி ரோட்டில். அவர் மேம்பாலத்தில் ஏறவே போவதில்லை, காளப்பட்டி வழியாக வந்து பாலம் இறங்கின பிறகு இருக்கிற ரோட்டில்தான் சேருகிறார். பாலத்தில் வேகமாக வந்த வண்டிகளும் அங்கேதான் இறங்கும்.

ரோட்டை அகலமாக்கினால் நெரிசல் தீராது என்று உலகத்தில் எத்தனையோ ஊர் காட்டிவிட்டது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் கேட்டி ஃப்ரீவே என்று ஒன்று. 2008இல் விரிவாக்கி முடித்தபோது சில இடங்களில் பக்கச் சாலைகளையும் சேர்த்து 26 தடம். 2011க்கும் 2014க்கும் நடுவில் சாயங்கால நெரிசல் நேரப் பயணம் பாதிக்கு மேல் கூடிவிட்டது. ரோடு நன்றாக இருக்கிறது என்று ஜனங்கள் இன்னும் தள்ளிப் போய் வீடு கட்டினார்கள், எல்லோரும் அதே ரோட்டுக்கு வந்தார்கள். நம்ம ஊரிலும் ரோடு போட்ட அடுத்த மாதம் இரண்டு பக்கமும் மனை விற்கிற கொடி நட்டுவிடுகிறார்கள்.

நமக்குத் தேவை அடிக்கடி வருகிற பஸ், அப்புறம் ரயில். கோயமுத்தூர் மெட்ரோவுக்கு அனுப்பின திட்டத்தை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டுமாம். எடுத்துக்கொண்டது 2011 கணக்கெடுப்பு. 2011க்கு அப்புறம் சரவணம்பட்டியும் கீரணத்தமும் எப்படி மாறின என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டாலே தெரியும். இது எனக்கு உண்மையாகவே வருத்தம். ஆனால் மெட்ரோ வந்திருந்தாலும் உங்கள் பொண்ணு பெரிய வகுப்பு போகிற வரைக்கும் ஆகியிருக்கும். அதை நம்பி இன்றைக்கு வீடு பார்க்க முடியாது.

மேற்கு வீதி

எல்லோரும் வாடகை, தூரம் பேசுகிறீர்கள். எங்களுக்கு அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. போனில் எல்லாம் பேசி முடித்து, அட்வான்ஸ் எவ்வளவு என்பது வரைக்கும் வந்து, வீடு பார்க்கப் போனால் வாசலில் வைத்தே ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று கேட்பார்கள். சொன்னால் ‘சொந்தக்காரங்க வர்றாங்க, இப்போதைக்கு விடுறதில்லை’ என்பார்கள். அடுத்த வாரம் அதே வீட்டுக்கு வேறு ஆட்கள் குடி வந்திருப்பார்கள். திருப்பூரிலும் பார்த்துவிட்டேன், கோயமுத்தூரிலும் பார்த்துவிட்டேன். இதனால் நாங்கள் எப்போதுமே கேட்காமல் கொடுக்கிற வீட்டுக்குத்தான் போகிறோம், அது தூரமாகவும் இருக்கும், வாடகை கூடவும் இருக்கும். நகரத்தில் வீடு எங்கே கிடைக்கிறது என்று பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். பெரியவர் மாதிரி வீட்டுக்காரர்கள் படிக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

பீளமேட்டுப் பெரியவர்

நீங்கள் சொல்வது நியாயம். அந்தக் கேள்வியை யாரும் கேட்கக் கூடாது, வாடகை ஒழுங்காகத் தருவாரா, வீட்டை நன்றாக வைத்திருப்பாரா என்பது மட்டும்தான் வீட்டுக்காரருக்குத் தேவை. வீட்டுக்காரர்கள் நாலு பேர் உட்காருகிற இடத்தில் நான் இதைப் பேசுகிறேன்.

அன்னூர்த் தம்பி

எல்லோருக்கும் நன்றிங்க. கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தே வேலை. அவள் கம்பெனி அனுப்பர்பாளையம் பக்கம், ரயில்வே ஸ்டேஷனில் இருந்து தூரம். ராத்திரி அவளும் நானும் உட்கார்ந்து அந்தத் தாள் கணக்கைப் போட்டோம். பணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, மணிக் கணக்கில்தான் மலைத்துப்போனோம், நான் ஆபீசில் இருந்து வீட்டுக்கு வர ஆகிற நேரத்தைப் போல நான்கு மடங்கு அவளுக்கு ஆகிறது. ‘உனக்குப் பழகிவிட்டது என்று நினைத்தேன்’ என்றேன். ‘பழகவில்லை, சொல்லவில்லை’ என்றாள்.

அவிநாசி என்றால் அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்க. தண்ணீர் எப்படி? நான் வாரத்தில் மூன்று நாள் அங்கே இருந்து சரவணம்பட்டி வருவது சாத்தியமா?

சோமனூர் சீசன் டிக்கெட்

அனுப்பர்பாளையம் என்றால் சோமனூரை மறந்துவிடுங்கள். அவிநாசி, இல்லையென்றால் அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில் அந்த ரோட்டிலேயே பாருங்கள். அவிநாசியில் இருந்து திருப்பூர் போகிற டவுன் பஸ் எல்லாம் அனுப்பர்பாளையம் தாண்டித்தான் போகும், பத்து கிலோமீட்டர் பக்கம்தான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021இல் இருந்து பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. இப்போது கோயமுத்தூர் பக்கம் இருந்து வருவது புறநகர் பஸ், அதில் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அவிநாசி தேர்வீதி

அவிநாசிக்காரன். நீங்கள் சரவணம்பட்டி போக நீலம்பூர், காளப்பட்டி வழியாக 35 கிலோமீட்டர் பக்கம் வரும். நீலம்பூர் வரைக்கும் ஆறு வழிச் சாலை, பிரச்சினை இல்லை, அப்புறம்தான் நெரிசல். ஏழேகாலுக்குக் கிளம்பினால் காலேஜ் பஸ்ஸுக்கு முன்னால் தாண்டிவிடலாம், எட்டுக்குக் கிளம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த ஆறு வழி ரோட்டில் பைக் வேண்டாம், லாரி ஓடுகிற ரோடு. பழைய கார் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கோயமுத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி அங்கே ஒரு வண்டி நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் இரண்டு பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

குடிதண்ணீர் தினமும் வராது, வீட்டுக்கு வீடு வித்தியாசம். தரைத்தொட்டி எவ்வளவு பெரியது, போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறதா, உப்பா என்று வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டே பேசுங்கள். வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் குடியிருப்பவரைக் கேளுங்கள். வாடகை 10,000இல் இருந்து 12,000க்குள் நல்ல வீடு இருக்கிறது, கோயில் பக்கம் கொஞ்சம் கூட. சித்திரைத் தேர் சமயத்தில் மட்டும் தெருவில் வண்டி எடுக்க முடியாது, அது ஊருக்கே சந்தோஷமான கஷ்டம்.

பள்ளிக்கூடத்தை முதலில் முடிவு பண்ணிவிட்டு அதைச் சுற்றி வீடு பாருங்கள். ஜூனுக்குச் சேர்க்கை இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா அம்மா அன்னூரில் இருப்பதால் அவிநாசிக்கு ஒரே பஸ், ஷிப்மெண்ட் வாரத்தில் அவர்களை வரச் சொல்லிக்கொள்ளலாம். வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், அன்றைக்கு எல்லா ரோடும் காலியாக இருக்கும். ஒரு வேலை நாளில் சாயங்காலம் ஏழு மணிக்கு, வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு, அனுப்பர்பாளையத்தில் இருந்து அவர் வரப்போகிற பஸ்ஸிலேயே வாருங்கள். வருகிற வாரம் என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், எனக்குத் தெரிந்து இரண்டு வீடு காலியாக இருக்கிறது, கூட வந்து காட்டுகிறேன்.